ராகத்துக்குள் ஒளிந்த எழுத்து

காரைக்குடியில், எங்கள் வீட்டு முகப்பில் மாலை நேரம் பிள்ளைகளுக்கு அரபு எழுத்தும் குர்ஆனும் ஓதிக்கொடுக்கிறேன். எல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. ஸ்கூல் வேன் இறக்கிவிட்டதும் பாதிப் பேர் யூனிஃபார்மோடுதான் வருவார்கள்.

வலமிருந்து இடமாக எழுதுவதுதான் இந்த வயதில் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது நாலு நாளில் பழகிவிடும். சிக்கல் உருவத்தில்தான். தமிழில் ‘க’ எங்கே வந்தாலும் ‘க’தான். அரபியில் ஐன் என்ற எழுத்து தனியாக நின்றால் ஒரு முகம், சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் என்று இடத்துக்கு ஒரு முகம். பா, தா, நூன், யா என்ற எழுத்துகள் நான்கும் நடுவில் வந்தால் பல் மாதிரி ஒரே சின்ன மேடுதான். புள்ளி மேலேயா கீழேயா, ஒன்றா இரண்டா என்று பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். அலிஃப், தால், ரா, வாவ் முதலான ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு சேரவே சேராது. இதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னால் ரப்பர் தேய்ந்துபோகிறது. அதனால் தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிடுவேன். ஆத்தங்குடிக் கல் தரை; ஈரவிரலால் எழுதினால் பளிச்சென்று தெரியும், தப்பானால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு.

உண்மையான தொல்லை, நன்றாக ஓதுகிற பிள்ளைகளிடம். பாடத்தை ராகத்தோடு அருவி மாதிரி கொட்டுவார்கள். அதே பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, “இது என்ன எழுத்து?” என்று கேட்டால் முழிப்பார்கள். மனசுக்குள் முதல் வரியிலிருந்து ஓதிக்கொண்டே வந்து அந்த இடத்தைப் பிடிக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு!

எழுத்தைப் பார்த்து ஓதுகிறார்களா, மனப்பாடமா என்று கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுத்தது அரபுத் தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ஒரு காலத்தில் மார்க்க நூல்களையே அரபு எழுத்தில் தமிழாக எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. போர்டில் ‘மாமா’, ‘வாத்து’, ‘மாவு’ என்று அரபு எழுத்தில் எழுதிப்போடுவேன். மனப்பாடம் இங்கே செல்லாது; எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். ‘மாமா’வைப் பிடித்ததும் ஒரே சிரிப்பு. ‘பால்’ எழுதுங்க என்று ஒருத்தி கேட்டாள். அரபியில் ‘ப’ கிடையாது. ஃபாவுக்குக் கீழேயும் ஒரு புள்ளி வைத்து நம் ஆட்கள் சமாளித்ததைக் காட்டினேன். ஆனால் அந்த எழுத்து குர்ஆனில் வராது என்று அப்போதே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம்.

பெற்றோருக்குப் பக்க எண்தான் கணக்கு. “எப்ப உஸ்தாபி அம்ம ஜுஸ்வுக்குப் போவான்?” என்பதுதான் முதல் கேள்வி. உஸ்தாபி என்றால் ஓதிக்கொடுக்கிற டீச்சர்; அம்ம ஜுஸ்வு குர்ஆனின் கடைசிப் பகுதி. போன மாதம் ஒரு பையனின் அத்தா (அப்பா) வாசலில் நின்றே கேட்டார்: “மாமா, வாத்துன்னு படிக்கவா அனுப்புறோம்?” பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடியின் நடுப்பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துகளைக் காட்டிக் கேட்டேன். ஜீமையும் ஹாவையும் மாற்றி மாற்றிச் சொன்னான். அப்படியும் அவர் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. நோன்புக்குள் முடித்துத்தரப் பார்க்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.