வலது சீட்டில் அப்பா

சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஓசேவுக்கும் நடுவில், 101 நெடுஞ்சாலையை ஒட்டியபடி சான் கார்லோஸ் விமான நிலையம் இருக்கிறது. ஒரே ஓடுதளம், நீளம் சுமார் 2,600 அடி. சின்ன விமானங்களுக்கு அது தாராளம். என்னைப் போல ஆசைக்காக பைலட் லைசென்ஸ் எடுத்தவர்கள் இங்கே கிளப் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றத்தான் முடியாது. சொந்தக்காரர்களை ஏற்றலாம்.

அப்பா வத்தலக்குண்டு–கொடைக்கானல் மலைப்பாதையில் பல வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "நீ ஓட்டுற வண்டில ஒருநாள் ஏத்திட்டுப் போம்மா" என்று மே மாதம் வந்து இறங்கியதுமே கேட்டார். நான்தான் அக்டோபர்வரை தள்ளிப்போட்டேன். கோடையில் கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து கோல்டன் கேட் பாலத்தையே மறைத்துவிடும். செப்டம்பர் பிறந்தால்தான் வானம் வெளுக்கும். அவருக்கு அரைகுறையாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

புறப்படும் அன்று காலையில் அவரை எடைமெஷினில் நிற்கச் சொன்னேன். செஸ்னா 172-இல் நாலு சீட் இருந்தாலும், டேங்கை நிரப்பிவிட்டால் நாலு பெரியவர்களை ஏற்றுவது கஷ்டம். எங்கள் கிளப் விமானம் மொத்தமாக 2,550 பவுண்டுக்கு மேல் கிளம்பக்கூடாது. பெட்ரோலே 300 பவுண்டைத் தாண்டும். "பஸ்ல படில தொங்கினாலும் ஏத்திட்டுப் போவோம்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். 71 கிலோ. அம்மா வரவே மாட்டேன் என்று, ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹில்லர் விமான அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார்.

கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். இறக்கைக்கு அடியில் இருக்கும் வால்வை அழுத்திக் கண்ணாடி போன்ற குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். இளநீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முட்டை முட்டையாகத் தங்கும். குப்பியை வாங்கித் தானும் உயர்த்திப் பார்த்தார். "டீசல் ஃபில்டர்லயும் இப்படித்தான் தண்ணி எடுப்போம்" என்றார். அதற்குப் பிறகு டயர், பிரேக், ஆயில் குச்சி எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹெட்செட் மாட்டியதும், விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு டவரோடு நான் பேசும்போது பேச வேண்டாம், காலடியில் இருக்கும் பெடலை மிதிக்க வேண்டாம் என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மேலே ஏறி வடக்கே திரும்பிய பிறகுதான் வாய் திறந்தார்: "அவுங்க சொன்னதையே ஏம்மா திருப்பிச் சொல்ற?" தப்பாகக் காதில் விழுந்திருந்தால் அவர்கள் அங்கேயே திருத்துவார்கள் என்றேன். பெரிய விமான நிலையத்தின் வான்வெளிக்குள் நுழைய, நம் விமான எண்ணைச் சொல்லி அனுமதி என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். அது கிடைத்ததும் அப்பாவின் வலப்பக்கம் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் முழுசாக விரிந்தது. 750 அடி இடைவெளியில் இரண்டு இணை ஓடுதளங்கள். இரண்டுக்கும் ஜோடியாக இரண்டு ஜெட் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

பாலம் அழகுதான். தண்ணீரிலிருந்து 746 அடி உயரமுள்ள கோபுரங்கள் நமக்குக் கீழே நிற்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கும். அப்பா ரெண்டு போட்டோ எடுத்தார், அவ்வளவுதான். அவர் சீட்டின் நுனிக்கு வந்தது கடற்கரையோரம் தெற்கே போய் டெவில்ஸ் ஸ்லைடைக் கண்டபோது. செங்குத்தான பாறையைக் குடைந்து போட்ட பழைய ரோடு. மண் சரிந்து சரிந்து அடைபட்டதால் 2013-இல் மலைக்குள் சுரங்கப்பாதை திறந்தார்கள். பழைய ரோட்டில் இப்போது கார், பஸ் கிடையாது; நடக்கலாம், சைக்கிளில் போகலாம். அவர் பக்கம் நன்றாகத் தெரியட்டும் என்று திருப்பி, வடக்குமுகமாக இன்னொருமுறை போனேன். "தடுப்புச் சுவர் எங்க? எதிர்ல வண்டி வந்தா எங்கிட்டு ஒதுங்குவான்?" கண்ணை எடுக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க மலைச்சரிவை ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் பார்த்தவர், முதல்முறையாக ஒரு மலைரோட்டை மேலிருந்து பார்க்கிறார். அவரை ஏற்றிவந்தது இதற்காகவே என்று எனக்குத் தோன்றியது.

மறுபடி தெற்கே திரும்பிச் சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "பிடிங்கப்பா" என்றேன். தன் முன்னால் இருந்த ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். "ரெண்டு விரல் போதும்ப்பா." தளர்த்தினார். விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஹாஃப் மூன் பே ஓடுதளம் கண்ணில் படும்வரை உயரமானி முள் பெரிதாக அசையவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

மலையைத் தாண்டி வந்தோம். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின் மேலேயே கிடக்கும் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரி, கோடு கிழித்தாற்போல் நேராகத் தெரிந்தது. 1906 பூகம்பத்திலும் அதன் கான்கிரீட் அணை தாக்குப்பிடித்தது என்றேன். "நல்லாக் கட்டிருக்கான்" என்றார்.

இறங்கும்போது மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் இறக்கையிலிருந்து ஊதல் சத்தம் வந்தது. இறக்கையால் இனி தூக்கிப் பிடிக்க முடியாது என்று எச்சரிக்கும் ஊதல் அது; தரையைத் தொடும் நேரத்தில் வேகம் குறைவதால் அது ஊதுவது சகஜம். ஓடுதளத்தை விட்டு வெளியே வந்து நிறுத்திய பிறகு, "பிரேக்க மெதுவாப் போட்ட. அதான் வேணும்" என்றார். அவர் பஸ்ஸில் கிளீனர்கூட இப்படி ஒரு வார்த்தை வாங்கி நான் கேட்டதில்லை.

அருங்காட்சியகத்து வாசலில் அம்மா நின்றிருந்தார். "பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"அவ ஓட்டுறா. அடுத்த வாரம் நீ பின்சீட்ல உக்காரு. காலைல மட்டும் ரொம்பச் சாப்பிடாத, எடை பாப்பா."