கிளாரினெட்காரர் எங்கே மூச்சு வாங்குவார்?

இசையமைப்புப் படிப்பின் இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு ஃப்ளூட், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என ஐந்து வாத்தியங்களுக்கு நான்கு நிமிட உருப்படி கேட்டார்கள். நல்ல மெட்டு ஒன்று கையில் இருந்த தைரியத்தில் நேராகக் கணினியில் முழு ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக உள்ள இசைத்தாளைத் திறந்து ஐந்து வரியையும் நிரப்பத் தொடங்கினேன். மூன்று வாரம் போனது. முதல் ஒத்திகையில் கிளாரினெட் வாசிப்பவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் எங்க மூச்சு வாங்குறது?" என்றார். 40 பாருக்கு (பார் என்றால் சில தாள அடிகள் கொண்ட ஒரு பகுதி) ஓர் இடைவெளிகூட நான் விட்டிருக்கவில்லை. மென்பொருள் சளைக்காமல் வாசித்துக் காட்டியதை நம்பிவிட்டேன். அதற்கென்ன, நுரையீரலா இருக்கிறது?

மறுபடி காகிதத்திலிருந்து ஆரம்பித்தேன். நிமிடத்துக்கு 60 தாள அடி, பாருக்கு நான்கு அடி என்றால் மொத்தம் 60 பார். நான்கு பாருக்கு ஒரு கட்டமாக 15 கட்டங்கள், வாத்தியத்துக்கு ஒரு வரி. மெட்டுக்குச் சிவப்பு, துணைக்கு நீலம், சும்மா இருப்பவருக்கு வெள்ளை. பழைய ஸ்கோரை இப்படித் தீட்டிப் பார்த்தால் வெள்ளையே இல்லை! முதல் கட்டத்திலேயே ஐந்து பேரும் வாசித்தால் உச்சத்தில் கூட்டிச் சேர்க்க யார் மிச்சம்? ஐவரும் சேர்வது 10, 11ஆம் கட்டங்களில் மட்டும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட்டேன். ஒன்பதாவதில் செல்லோவும் பியானோவும் மட்டும்.

அடுத்தது ஷார்ட் ஸ்கோர். மெட்டு, ஹார்மனி (கூடவே ஒலிக்கும் சுரங்கள்), பேஸ் (அடிக்குரல்) எல்லாவற்றையும் பியானோவுக்கு எழுதுவதுபோல் இரண்டே வரியில் கடைசி பார் வரை எழுதி முடித்தேன். வாத்தியம் பிரிப்பது அதற்குப் பிறகுதான். இங்கேதான் தவறுகள் மலிவாகப் பிடிபடும். என் மெட்டு ஃப்ளூட்டின் அடி ஸ்தாயியில் கிடந்தது. அங்கே அதன் ஒலி மெலிது, பியானோ சேர்ந்தால் அமுங்கிவிடும். அதே மெட்டு கிளாரினெட்டின் அடி ஸ்தாயியில் இருண்டு, கனமாக வரும். மாற்றிக்கொடுத்தேன். பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரம்) கீழே ஒலிக்கும் என்பதால், அவர் தாளில் எல்லாம் அந்த அளவு மேலே இருக்க வேண்டும். அச்சிடுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பக்கம் திருப்பும் இடங்களையும் வெள்ளைக் கட்டங்களிலேயே வைத்தேன். பியானோவுக்கு மட்டும் அது அமையவில்லை. தாள் புரட்டப் பக்கத்தில் ஒரு நண்பனை உட்காரவைத்தோம்.