எட்டு மாதம் கேஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்

வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நடுவில் எழுந்து போவது லேசான காரியம் இல்லை. பணத்தை உள்ளே வைத்து, டிராயரைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வரிசை நின்றுகொண்டிருக்கும். போன வருடம் ஆடி மாதம் அப்படி ஒரே நாளில் ஐந்து முறை பூட்டினேன். அடுத்த வாரம் நான்கு நாள் ஒன்றுமே போகவில்லை, வயிறு கல் மாதிரி இருந்தது. அப்புறம் மறுபடியும் பேதி.

யார் கேட்டாலும் "கேஸ்" என்றேன். நம் ஊரில் நெஞ்சு எரிந்தாலும் கேஸ், வயிறு உப்பினாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ்தான். கேட்டவர்களும் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள். அத்தை மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். பக்கத்து சீட் அக்கா ஓம வாட்டர் பாட்டிலே வாங்கி வந்து மேசையில் வைத்தார். தெருமுனை டாக்டரிடமும் கேஸ் ட்ரபிள் என்றுதான் சொன்னேன். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூன்று மாதம் போட்டேன். நான் சொன்ன சொல்லுக்கு அவர் மருந்து கொடுத்தார். வயிற்றில் நடந்ததை நான் சொல்லவே இல்லை. மலத்தைப் பற்றி ஒரு ஆண் டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்ற கூச்சம்.

மார்கழியில் மோதிரம் விரலில் நிற்கவில்லை. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆனது. 58 கிலோ இருந்தவள் 49க்கு வந்திருந்தேன். "இளைச்சு அழகாயிட்டீங்க" என்று சொன்னவர்களும் உண்டு.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, மாசிக் கடைசியில்தான் குடல் மருத்துவரிடம் போனேன். "கேஸ்னு சொல்லாதீங்கம்மா, என்ன நடக்குதுன்னு சொல்லுங்க" என்றார். தூக்கத்திலிருந்து எழுந்து போகிறீர்களா? ரத்தம் வருகிறதா? சாயந்திரம் காய்ச்சல் அடிக்கிறதா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறீர்களா? (அந்த மாத்திரையே சிலருக்கு வயிற்றைக் கலக்குமாம்.) ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: எத்தனை முறை, இறுகலா தண்ணியா, வலி எப்போது. ஏழு தாளில் மூன்றில் "ராத்திரி 2 மணி" என்று இருந்தது.

அவர் விரல் வைத்த இடம் அதுதான். நீண்ட நாள் வயிற்றுத் தொல்லை உள்ள பலருக்கு ஐபிஎஸ் (IBS) என்கிற குடல் கோளாறுதான் இருக்குமாம். வலி வரும், மலம் கழித்தால் குறையும், பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும். ஆனால் அது பொதுவாகத் தூங்குகிறவர்களை எழுப்பாது, எடையைக் குறைக்காது, ரத்தம் வரவைக்காது, காய்ச்சல் கொண்டு வராது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்றார். எனக்கு மூன்று இருந்தன. சாயந்திரக் காய்ச்சலை வேலை அலுப்பு என்று நினைத்திருந்தேன்.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோப்பிக்குப் பயந்தேன். உண்மையில் கஷ்டம் முந்தின நாள்தான், பவுடர் கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். பரிசோதனை எனக்குத் தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண், அங்கேயே கொஞ்சம் சுருக்கம். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலது அடிவயிறு இழுத்துப் பிடித்து, கடமுடவென்று சத்தம் போட்டு, பிறகு தானே அடங்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. குறுகிய வழியில் சாப்பாடு நெருக்கியடித்துப் போயிருக்கிறது.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் குடல் காசநோய் என்று வந்தது. க்ரோன்ஸ் என்ற இன்னொரு நோயும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அதற்குக் கொடுக்கிற ஸ்டீராய்டை டிபி இருக்கும்போது கொடுத்தால் நோய் பரவிவிடும் என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் மருந்து ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அந்தச் சொல் விழுந்ததும் அத்தை என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நுரையீரலில் நோய் இருந்தால்தான் இருமலில் பரவும், என் எக்ஸ்ரே சுத்தம் என்று டாக்டரே அவரிடம் சொன்னார். டம்ளர் அலமாரிக்குத் திரும்பி வந்தது.

ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, என் எடைக்குத் தினமும் மூன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். அதில் ஒரு மருந்தான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று அங்கிருந்த நர்ஸ் முதல் நாளே சொல்லி அனுப்பினார். மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் நின்றது. ராத்திரி எழுவது நிற்க இரண்டு மாதம் ஆனது.

போன மாதம் மருந்து முடிந்தது. 55 கிலோ இருக்கிறேன். அந்தச் சுருக்கம் விரிந்திருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் மறுபடியும் கொலனோஸ்கோப்பி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று ஓம வாட்டர் அக்கா தனக்கும் நாலைந்து மாதமாக "கேஸ்" என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி எழுந்து போகிறீர்களா அக்கா என்று முதலில் கேட்டேன்.