மிச்சம் வைத்த தட்டு சொல்வது

பராமரிப்பு இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கும் நாளிலேயே ‘என்னென்ன பிடிக்கும்?’ என்று கேட்டுப் படிவத்தை நிரப்பிவிடுகிறோம். வீட்டை விட்டு வந்த கலக்கத்தில் இருப்பவர் ‘எதுவானாலும் சரி’ என்பார். அந்தப் பதில் வருடக்கணக்கில் கோப்பிலேயே கிடக்கும்.

ஒரு வாரம் அவர் சாப்பிடுவதைக் கவனித்துவிட்டு மறுபடி கேளுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டுப் பழக்கம், எவ்வளவு சூடு வேண்டும், கையாலா கரண்டியாலா, தனியாகவா நாலு பேரோடா? பிடிக்காதது எது, நம்பிக்கையால் விலக்கியது எது? இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. விலக்கியதை அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுப்பது துரோகம். விலக்கிய உணவுக்குக் கரண்டிகூடத் தனியாக இருக்க வேண்டும். இந்தக் குறிப்பு செவிலியர் கோப்போடு நின்றுவிடாமல், பரிமாறுபவர் கையிலும் ஓர் அட்டையாக இருக்கட்டும். பெரும்பாலும் தவறு நடப்பது அங்கேதான்.

மறதி நோய் உள்ளவரிடம் நாளைய சாப்பாட்டைப் பற்றி இன்றே கேட்டுப் பயனில்லை. பரிமாறும் நேரத்தில் இரண்டு தட்டுகளைக் காட்டுங்கள். கை எதை நோக்கிப் போகிறதோ அதுதான் பதில். முன்பு இனிப்பைத் தொடாதவர் இப்போது அதையே தேடலாம்.

பத்தியம்தான் சிக்கலான இடம். வயதாக ஆக நாக்கும் மூக்கும் மங்கும். சில மருந்துகளால் வாயில் உலோகச் சுவை தங்கும். அதன்மேல் உப்பையும் சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்துக் குறைத்தால் தட்டு அப்படியே திரும்பி வரும். சாப்பிடாத பத்தியத்தால் யாருக்கும் நன்மையில்லை. 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 3 கிலோ, அதாவது 5 சதவீதம், குறைந்துவிட்டால் அது அபாய அறிகுறி. எந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்று மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் உடனே கேளுங்கள். ஒவ்வாமையில் தளர்வே கிடையாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவருக்கோ கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அளவு திடீரென்று ஏறி இறங்காமல் இருந்தால் போதும்.

மசித்த உணவு என்றால் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மசித்து, தனித்தனியாக வைத்து, பெயர் சொல்லி ஊட்டுங்கள். உட்கார்ந்து, அவர் கண்மட்டத்தில் இருந்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

மிச்சத்தைக் கால், அரை, முக்கால் என்று வேளாவேளைக்குக் குறியுங்கள். ஒரே பொருள் மூன்று முறை திரும்பி வந்தால், ‘பசியில்லை’ என்று எழுதும் முன் பல்செட் இறுக்கமா, வாயில் புண்ணா, மலச்சிக்கலா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அட்டையில் அந்தப் பொருளை அடித்துவிட்டு, வேறென்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.