கர்ப்பப்பை வாய் பரிசோதனை: நெல்லிக்குப்பத்திலிருந்து ஜிப்மர் வரை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் கேட்பது, "வலிக்குமா?" அடுத்தது, "பார்க்கிறது ஆம்பளை டாக்டரா?" இதற்குப் பதில் தெரியாமலே எத்தனையோ பேர் தள்ளிப்போடுகிறார்கள். அதனால் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. எனக்கு 41 வயது. வெள்ளைப்படுதல், இடையில் ரத்தம் படுதல், அடிவயிற்று வலி என்று ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. பிரஷர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது நர்ஸம்மா, "முப்பது வயசுக்கு மேல எல்லாரும் பார்த்துக்கணும்க்கா, வாங்க" என்று திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். பார்த்ததும் அவர்தான், வேறு யாரும் உள்ளே வரவில்லை.

முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார். உள்ளே வைக்கிற கருவி உலோகம், சில்லென்று இருந்தது. இறுக்கமாக இருக்கும், வலி என்று சொல்ல முடியாது. "மூச்சை அடக்காதீங்க, வாயால விடுங்க" என்றார். அது உண்மையிலேயே உதவியது. பஞ்சில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை நனைத்து கர்ப்பப்பை வாயில் தடவினார். வினிகர் வாசனைதான். லேசாக எரிந்தது. ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கு அடித்துப் பார்த்தார். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

"இது கேன்சர்னு அர்த்தம் இல்லக்கா. புண், அழற்சி இருந்தாலும் வெளுக்கும். பெரிய ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 'கேன்சர்' என்ற ஒரு சொல் மட்டும்தான் மனதில் நின்றது.

நாத்தனாருக்கு வினிகர் தடவிப் பார்ப்பதிலேயே நம்பிக்கை இல்லை. பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்: நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளை வைத்து இதே முறையில் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. பரிசோதனை செய்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வந்தது.

நாத்தனார் வற்புறுத்தியதால் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். சீட்டைப் பார்த்ததுமே, "ரெண்டு குழந்தை ஆயிடுச்சில்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார்கள். பயாப்ஸி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. சதை எடுத்துச் சோதிக்காமல் கர்ப்பப்பையை எடுப்பது இரண்டு வகையிலும் தவறு. ஒன்றும் இல்லாதவளுக்கு அது வீண் ஆபரேஷன். உண்மையிலேயே புற்று இருந்தால் சாதாரணமாக எடுப்பது போதாமல் போய்விடலாம். கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் "முதல்ல பயாப்ஸி எடுங்க" என்று கேளுங்கள்.

அங்கே விட்டுவிட்டு, கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, புதுச்சேரியில் இறங்கி, கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசை நீளம்தான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போங்கள். இரண்டு நாள் முன்பிருந்தே உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம்.

கால்பாஸ்கோப்பி என்றதும் உள்ளே குழாய் விடுவார்கள் என்று பயந்திருந்தேன். அப்படி இல்லை. அது வெளியே நிற்கும் பூதக்கண்ணாடி. மறுபடியும் அமிலம், பிறகு அயோடின். நல்ல தோல் அயோடினில் கரும்பழுப்பாகிவிடும், மாறுதல் உள்ள இடம் மஞ்சளாகவே நிற்கும். அந்த இடத்தில் துளி சதை கிள்ளி எடுத்தார்கள். நறுக்கென்று ஒரு கிள்ளல். அப்புறம் மாதவிடாய் வலி போல.

முடிவு சிஐஎன் 2. புற்றுக்கு முந்தைய மாற்றம், புற்று இல்லை. எச்பிவி என்ற வைரஸால் வருவது என்று டாக்டரம்மா சொன்னதும் என் வீட்டுக்காரர், "அது எப்படி வருதுங்க?" என்று கேட்டார். கேட்ட குரலே எனக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். "உடலுறவுல பரவுறதுதான். ஆனா பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்துட்டுப் போகும். ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும். சிலருக்குத் தங்கிடும். தங்கி, புற்றாகறதுக்குப் பத்து, பதினைஞ்சு வருஷம்கூட ஆகும். எப்ப வந்துச்சு, யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதை வெச்சு வீட்டுல சண்டை போடாதீங்க." பஸ்ஸில் திரும்பும்போது தவளக்குப்பம் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு, "ஆபரேஷன் அன்னைக்கு லீவு போடறேன்" என்றார்.

சிகிச்சைக்குப் பெயர் லீப். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாறிய பகுதியை மட்டும் சீவி எடுக்கிறார்கள். ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது; மருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அன்றைக்கே வீடு. சில வாரம் நீர்போலவும் கறுப்பாகவும் கசிந்தது. கனம் தூக்கக்கூடாது, உறவு கூடாது, குளத்தில் குளிக்கக்கூடாது. நாப்கின் நனைந்துகொண்டே இருக்கும் அளவு ரத்தமோ, காய்ச்சலோ, நாற்றமோ இருந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. எடுத்த சதையின் ஓரங்களில் மாறுதல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மறுபரிசோதனையும் சுத்தம். ஆனாலும் தொடர்ந்து வர வேண்டும், விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெண்ணுக்கு 13 வயது. அவளுக்கு எச்பிவி வைரஸைத் தடுக்கும் செர்வாவாக் தடுப்பூசி போட்டோம். நம் நாட்டிலேயே தயாரானது, 2023இல் விற்பனைக்கு வந்தது. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. "இந்த வயசுல எதுக்கு இது?" என்று மாமியார் கேட்டார். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், ஏற்கெனவே வந்ததை ஊசி விரட்டாது என்று விளக்கினேன். "அப்ப போட்டுடு" என்றார். இந்தப் புற்றில் பத்தில் ஏழுக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகை வைரஸ்கள். ஊசி இவற்றைத் தடுக்கும், எல்லா வகையையும் அல்ல. அதனால் முப்பது வயதானதும் அவளும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். அதையும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.