நாற்காலியை விடட்டுமா?

"தம்பி, இன்று நாற்காலியை விட்டுவிடட்டுமா?" என்று அந்த அம்மா கேட்டார். "அவசரம் வேண்டாம் அம்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் மூன்று மாதங்களாகியும் அந்தப் பேச்சு என் மனத்தை விட்டு அகலவில்லை.

மெதுவான அசைவுகளால் ஆன சீன உடற்பயிற்சியான தாய்ச்சியை முதியோருக்கு நான் கற்றுத்தரும் வகுப்பின் 9-ஆம் வாரம் அது. வலக்காலில் எடையை முழுவதுமாக ஏற்றிக்கொண்டு இடக்காலை மெல்லத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். முதல் நாளில் விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு நாற்காலியின் முதுகை இறுகப் பற்றியிருந்தவர், அன்று ஆள்காட்டி விரலின் நுனியை மட்டுமே அதன்மேல் வைத்திருந்தார். உடலைத் தாங்கும் வலு சிறிதும் இல்லாத அத்தகைய தொடுகைகூட, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தியை மூளைக்குத் தந்து ஆட்டத்தைக் குறைக்கும். அந்த விரலையும் எடுத்துவிட்டால் கண்ணையும், சமநிலையை உணரும் உள்காதையும், பாதங்களையும் மட்டுமே நம்பி நிற்க வேண்டும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலரால் பழையபடி நடக்க முடிவதில்லை. ஆகவே நான் தடுத்தது சரிதான் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் தள்ளாட்டத்தின் விளிம்புவரை சென்று மீளப் பழகுவதற்குத்தானே இந்தப் பயிற்சி? 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், விழும் அபாயம் மிகுந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேர் பங்கேற்றார்கள். சமநிலைக்கென வடிவமைத்த தாய்ச்சியை 24 வாரங்கள் பழகியவர்கள், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். முதல் வகுப்பிலேயே இதைப் பெருமையோடு சொன்னவன் நான். விழுவோமோ என்ற அச்சம் நடமாட்டத்தைக் குறைத்து, கால்களை வலுவிழக்கச் செய்து, கடைசியில் உண்மையாகவே விழ வைக்கும் என்று சொன்னவனும் நான்தான். அவ்வளவும் சொல்லிவிட்டு, அச்சத்தைத் தாண்டி வந்து நின்றவரிடம் வேண்டாம் என்றேன்.

அவர் மறுத்துப் பேசாமல் தலையசைத்தார். மற்ற மூன்று விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக நாற்காலியின்மேல் இறங்கின.

வகுப்பில் 11 பேர் இருந்தார்கள். கவனிக்க நான் ஒருவன்தான். அதுவும் உண்மையே. என்றாலும் அவர் நின்ற இடத்துக்கு நான்கு எட்டு வைத்தால் போதும். "இருங்கள் அம்மா, நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன், பிறகு விடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அது வீடு திரும்பும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. அடுத்த வாரம் அருகில் போய் நின்று அதையே சொன்னேன். "இருக்கட்டும் தம்பி, இதுவே நன்றாக இருக்கிறது" என்றார்.

இன்றும் தவறாமல் வருகிறார், ஒருமுறைகூட விழவில்லை. அதை வைத்து என் முடிவு சரியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாளை வேறொருவர் இதே கேள்வியைக் கேட்டாலும், என் வாயில் முதலில் வருவது "அவசரம் வேண்டாம்" என்பதாகத்தான் இருக்கும்.