மால்மோவிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரத்த மாதிரிகள் அனுப்பிய அனுபவம்

ஸ்வீடனின் மால்மோவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் டென்மார்க்கின் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். எங்கள் ஆய்வுக்குழுவின் ரத்த மாதிரிகள் அதே தூரத்தைக் கடக்கப் பல மாதங்கள் பிடித்தன. இந்தப் பக்கம் ஆய்வு வேலைக்கு வருகிற நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்வீடனின் தெற்குக் கோடியான ஸ்கோனேவையும் கோபன்ஹேகன் பகுதியையும் சேர்த்து, மருத்துவ, உயிரியல் ஆய்வு நடக்கும் ஒரே வட்டாரமாக, மெடிகான் வேலி என்று அழைக்கிறார்கள். இதற்கென ஓர் அமைப்பு 1997இலேயே உருவாகிவிட்டது. இரு கரைகளையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் திறந்தது அதற்கப்புறம், 2000 ஜூலையில். நீரிழிவு ஆய்வுக்கு இங்கே பழைய வேர் உண்டு. நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் க்ரோக் 1922இல் டொரண்டோ போய், இன்சுலின் தயாரிக்கும் உரிமையோடு டென்மார்க் திரும்பினார். அவர் மனைவி மரீ மருத்துவர். அவருக்கே நீரிழிவு இருந்தது. இன்றைய நோவோ நோர்டிஸ்க் மருந்து நிறுவனம் அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான். இந்தக் கரையில், லுண்ட் பல்கலைக்கழகத்தின் நீரிழிவு ஆய்வு மையம் மால்மோவில் இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் நீரிழிவை ஐந்து வகையாகப் பிரிக்கலாம் என்று 2018இல் சொன்ன ஆய்வை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் இங்கிருந்தவர்கள்தான். சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத வீடு நம் ஊரில் குறைவு. எனக்கு இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதிரிகள் எங்களிடம் இருந்தன. அவற்றில் உள்ள புரதங்களை அளக்கும் கருவி எதிர்க்கரை ஆய்வகத்தில் இருந்தது. முதல் தடை, நோயாளிகள் முன்பு கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். 'ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்' என்று அதில் இருந்ததே தவிர, வேறு நாட்டுக்கு அனுப்புவது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்வீடனில் 2019 முதல், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான நெறிமுறை அனுமதியை ஒரே தேசிய ஆணையம் கவனிக்கிறது. அங்கே திருத்த விண்ணப்பம் போட்டோம். அத்தனை பேருக்கும் மறுபடி கடிதம் எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதினோம். பதில் வராதவர்களின் மாதிரிகளைத் தொடவில்லை.

டென்மார்க்கில் நெறிமுறைக் குழு வேறு. ஒரு குழு திட்ட அறிக்கையில் ஒரு பத்தியை மாற்றச் சொன்னால், மறு குழுவிடம் இருக்கும் பிரதி உடனே பழையதாகிவிடும். அதனால் எல்லா ஆவணத்திலும் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, மாற்றங்களை ஒரே பட்டியலில் எழுதி, இரு பக்கமும் ஒரே நாளில் அனுப்பினோம். அதன் பிறகுதான் குழப்பம் அடங்கியது.

அடுத்தது, ரத்தம் போன்ற மாதிரிகளைச் சேமித்து வைக்கும் உயிர்மாதிரி வங்கி. ரத்தம் எடுத்தது நாமே என்றாலும் அது ஆய்வாளரின் சொத்தாகாது, பொறுப்பு வங்கிக்கு. ஸ்வீடனில் இதற்கான புதிய சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஒப்பந்தப்படி குழாய்களில் பெயர் கிடையாது, குறியீடு மட்டுமே. எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் மால்மோவை விட்டு நகரக்கூடாது. மீந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும்.

அதிகம் காக்க வைத்தது தரவு ஒப்பந்தம். இரு நாட்டுக்கும் ஒரே ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான். ஆனாலும் குறியீடு போட்ட தரவும் சட்டத்தின் பார்வையில் தனிநபர் தரவே என்பதால், யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதியாக வேண்டும். இரு தரப்பு வழக்கறிஞர்களும் மின்னஞ்சலில் மாறி மாறித் திருத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் இருவரையும் ஒரே காணொளிக் கூட்டத்தில் உட்கார வைத்தோம். மீதி இருந்த வரிகள் அங்கேயே முடிந்தன. முதல் வாரத்திலேயே இந்தக் கூட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அனுப்பும் வேலை இவ்வளவுக்குப் பிறகு எளிதாகத்தான் இருந்தது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து, கசிவைத் தாங்கும் மூன்றடுக்குப் பொதியில் உலர்பனியோடு (உறைந்த கரியமில வாயு) வைத்தோம். வெளியே, உயிரியல் மாதிரிகளுக்கான சர்வதேசக் குறியீடான யுஎன் 3373 என்று ஒரு ஒட்டுச்சீட்டு. உலர்பனிக்கு யுஎன் 1845, அதோடு அதன் எடை கிலோவில். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடவே கூடாது. உலர்பனி வாயுவாக மாறும்போது பெட்டி வெடிக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், வார இறுதியில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. இரண்டும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் என்பதால் சுங்கத் தொல்லை இல்லை.

இந்தக் காகிதங்களைத் தொல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரத்தம் கொடுத்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். ஆனால் ஒரே திட்டத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் படிப்பதில் நோயாளிக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்தப் பகுதிக்கென்று ஒரே விண்ணப்பம், இரு நாட்டவரும் உட்காரும் ஒரே குழு என்று வந்தால் எத்தனையோ ஆய்வுகள் முன்னதாகத் தொடங்கும்.

பெட்டி அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. வெப்பநிலைப் பதிவு சரியாக இருந்தது, குழாய்களின் எண்ணிக்கையும் பட்டியலோடு பொருந்தியது. அடுத்த தொகுதிக்கு அதே ஒப்பந்தங்கள் செல்லும். இணைப்பில் உள்ள மாதிரிப் பட்டியலை மட்டும் மாற்றி இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும்.